சைலன்சர் குழாய்க்கு எந்த எஃகு? – புதுப்பிப்பு

கடற்கரையோரம் ஓடும் என் காரின் சைலன்சர் உப்புக்காற்றால் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லி, புதியதை அலுமினியம் பூசிய எஃகில் செய்வதா, 409 அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது 304எல் (304-இன் கார்பன் குறைந்த வகை) தகட்டில் செய்து மாட்டியாயிற்று.

பழையதை அறுத்துப் பார்த்தபோது வெளிப்புறம் ஓரளவு திடமாகவே இருந்தது. அடிப்பகுதியின் உட்புறத் தகடோ விரல் பட்டாலே உதிர்ந்தது. என் அன்றாடப் பயணம் நான்கு கிலோமீட்டர்தான் என்பதால் குழாய் முழுதாகச் சூடேறுவதில்லை. புகையிலுள்ள நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகத் தேங்கி அரித்திருக்கிறது. உப்புக்காற்றை மட்டும் காரணமாகச் சொன்னது என் தவறு.

அலுமினியப் பூச்சு வெல்டிங் செய்யும் இடத்தில் எரிந்துவிடுவதால் அதை விட்டுவிட்டேன். 409-இல் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 11 சதவீதம். 304-இல் சுமார் 18 சதவீதம், கூடவே 8 சதவீதம் நிக்கல். கார்பன் குறைந்த எல் வகையில், வெல்டிங் சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் பிரிந்து மூட்டோரம் பலவீனமாவது குறைகிறது. விலை அதிகம்தான், ஆனால் இந்த நீர்த்தேக்கத்துக்கு இதுவே தகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

போட்டது 409 இல்லை, 304 ரகம்தானா என்று பட்டறையில் காந்தம் வைத்துப் பார்த்தேன்: நேர்க்குழாயில் ஒட்டவில்லை, வளைவுகளில் மட்டும் லேசாக இழுத்தது. குளிர்நிலையில் வளைத்த 304-க்கு அது இயல்பே. 409 என்றால் எங்கும் நன்றாகவே ஒட்டியிருக்கும். சூட்டில் 304 கூடுதலாக விரிவடையும் என்பதால், குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களுக்குச் சற்று இடம்விட்டு மாட்டச் சொன்னேன்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்தியும் வருகிறேன்.