அப்பாவின் பழைய ராணுவக் காயக் கிளைம்: ஃபைல் காணோம் என்கிறார்கள், திரும்பத் திறக்க வழி உண்டா?

கமுனிங் மகள் எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுடைய ராணுவக் காயக் கிளைம் நாற்பது வருஷமாக மூடிக் கிடக்கிறது. அதைத் திறக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த பையன். 1973-ல் மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படையில் சேர்ந்தார். 1977-ல் கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த நேரம். கம்யூனிஸ்டுகள் தாக்கிவிடுவார்கள் என்று அந்தச் சாலை வேலைக்கே ராணுவக் காவல் இருந்தது. காட்டுக்குள் ரோந்து போகும்போது அப்பாவுக்கு முன்னால் போனவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அவர் அங்கேயே இறந்துவிட்டார். அப்பாவுக்கு இடது கெண்டைக்காலில் இரும்புச் சில்லுகள் ஏறின, இடது காதின் சவ்வு கிழிந்தது. ஹெலிகாப்டரில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து கின்ராரா ராணுவ ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். ஒரு சில்லு இன்னும் தோலுக்கடியில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பட்டாணி மாதிரி நகரும். சின்ன வயதில் நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் வளர்ந்தோம்.

பத்து வருஷம் முடிந்து 1983-ல் வெளியே வந்தார். 21 வருஷம் இல்லாததால் பென்ஷன் கிடையாது. 1985-ல் காயத்துக்குக் கிளைம் போட்டார். பணியில் இருக்கும்போது ஏற்பட்ட காயம் என்பதற்குப் பதிவு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கடிதமும், டிஸ்சார்ஜ் புத்தகமும், ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. லயத்தை இடித்து எங்களை மலிவு வீட்டுக்கு மாற்றிய சமயம் பெட்டியை யார் வீட்டிலோ வைத்தோம். திறந்து பார்த்தபோது கரையான்தான் இருந்தது. போன வருஷம் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டோம், ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பாவுக்கு இப்போது 72. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறார். காசைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. "நான் பொய் சொன்னேன்னு எழுதி வச்சுட்டாங்கம்மா" என்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கையில் இருப்பது ஒரு பழைய போட்டோவும், சாமி மேடையில் வைத்திருக்கும் ஒரு மெடலும் மட்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

பழைய ரெஞ்சர்:

வணக்கம்மா. நானும் அந்தக் காலத்து ரெஞ்சர்தான், கிரிக், பெத்தோங் எல்லை எல்லாம் நடந்தவன். பூபி டிராப், அதான் மறைச்சு வச்ச வெடி, எத்தனை பேர் காலை எடுத்ததுன்னு எங்களுக்குத் தெரியும். அப்பா சொல்றது பொய்யா இருக்க வாய்ப்பே இல்லை.

மூணு விஷயம் கேட்டு எழுதுங்க. எந்த பெட்டாலியன், எந்த கம்பெனி, எந்த பிளட்டூன். தேதி ஞாபகம் இல்லைன்னா பண்டிகைக்கு முன்னாடியா பின்னாடியா, மழைக்காலமா, அப்ப பிளட்டூன் கமாண்டர் யாரு, இதைக் கேளுங்க. தேதியை மறந்தவனுக்கும் பக்கத்துல நின்னவன் பேரு மறக்காது. அப்பா சாயந்திரம் டீ குடிச்சுட்டுத் தெம்பா இருக்கும்போது கேளுங்க, போன்ல பதிவு பண்ணிக்குங்க.

---

சிவா ஈப்போ:

அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. நாற்பது வருஷத்துக்கு முந்தின கேஸ் இது. பென்ஷன் இல்லாத முன்னாள் வீரர்களுக்கு உதவித் திட்டம் இருக்கு, அதுக்கு மனு போட்டு வாங்கிக்கிட்டா போதாதா? வயசான காலத்துல அவரை ஏன் அலைய வைக்கணும்?

---

கமுனிங் மகள்:

தம்பி, அக்கறையில் சொல்கிறீர்கள், புரிகிறது. உதவிக்கும் மனு போடுவோம். ஆனால் உதவி என்பது இல்லாதவருக்குக் கொடுப்பது. அப்பா கேட்பது, அந்தக் காயம் நாட்டுக்காகக் காட்டில் பட்டது என்று எழுத்தில் ஒரு வரி. அலைவது நான், அவர் இல்லை.

---

கிராணி மகன்:

சகோதரி, அரசாங்க அலுவலகத்தில் ரெக்கார்ட் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராணுவத்தில் இல்லை, ஆனால் பழைய ஃபைல் எப்படித் தொலையும், எப்படிக் கிடைக்கும் என்று தெரியும்.

முதலில் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. எந்தப் பெயரில், எந்த எண்ணில் தேடினார்கள் என்றும் அதில் கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஐசி என்கிற அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, ராணுவத்தில் மூன்றாவது மாதிரி. பெயரை வைத்துத் தேடினால் அகப்படாத ஃபைல் ராணுவ எண்ணில் தேடினால் அகப்பட்டதுண்டு. ஆகவே அப்பாவின் ராணுவ எண்தான் இப்போது உங்களுக்கு உயிர். அந்தப் போட்டோவின் பின்பக்கம் பாருங்கள், மெடலோடு ஏதாவது துண்டுச் சீட்டு வந்ததா என்றும் பாருங்கள்.

அதுவும் இல்லாவிட்டால் எல்டிஏடிக்கு எழுதுங்கள். 1972-ல் தொடங்கிய ராணுவச் சேமநிதி அது. அதிகாரி அல்லாத வீரர்கள் கட்டாயம் சந்தா கட்டியாக வேண்டும். அப்பா 1973-ல் சேர்ந்ததால் அவர் பெயரில் அங்கே கணக்கு இருந்திருக்கும். ஒரு இடத்தில் ஃபைல் தொலைந்தால் இன்னொரு இடத்தில் பணக் கணக்கு நிற்கும். பணம் போன வழியை அலுவலகங்கள் லேசில் அழிப்பதில்லை என்பது என் அனுபவம். எண்ணும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் அதில் தெரிந்துவிட்டால் "இவர் ராணுவத்தில் இருந்தாரா" என்ற கேள்வியே எழாது.

அடுத்தது சம்பவம். ஒருவர் இறந்த சம்பவம் என்கிறீர்கள். இறந்தவருடைய ஃபைலில் அந்த நாள், இடம், பிளட்டூன் எல்லாம் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அவர் குடும்பத்துக்கு ஏதாவது கொடுத்திருப்பார்கள். அவர் பெயரை அப்பா சொன்னால் உங்கள் கடிதத்தில் அதைக் கட்டாயம் எழுதி, அந்த ஃபைலையும் பார்க்கும்படி கேளுங்கள். பலர் இதை யோசிப்பதில்லை. பத்திரிகைச் செய்தியும் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அப்போது கிரிக்கின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு, ஜி-க்குப் பிறகு ஈ கிடையாது. இப்போதைய எழுத்தில் மட்டும் தேடினால் அகப்படாமல் போகலாம். தமிழ் நேசன் மாதிரிப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மனு போக வேண்டிய இடம் ஜே.எச்.இ.வி., அதாவது ராணுவ முன்னாள் வீரர் விவகார இலாகா. புது மனுவாகப் போடாதீர்கள். 1985-ல் போட்ட கிளைமைக் குறிப்பிட்டு, அன்று பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளப்பட்டது, இப்போது புது ஆதாரம் இருக்கிறது, மறுபடி பரிசீலியுங்கள் என்று மலாயில் எழுதுங்கள். காலம் கடந்துவிட்டது என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். கொண்டுபோகும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல், அந்த நகலில் அவர்கள் சாப்பு, அதாவது முத்திரை. சாப்பு இல்லாமல் ஒரு தாளையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரிஜினலைக் கொடுக்கவே கூடாது.

---

எக்ஸ்ரே தங்கச்சி:

அக்கா, நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறேன். காகிதம் போனாலும் அப்பா காலுக்குள் ஆதாரம் இருக்கு! கெண்டைக்காலை நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுங்க. இரும்புச் சில்லு படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தோலுக்கடியில் தெரிகிற ஒன்றோடு ஆழத்தில் வேறு சில்லும் இருக்கலாம். எலும்பு ஸ்பெஷலிஸ்ட்டிடம் எத்தனை சில்லு, எங்கே, எவ்வளவு பெரிசு, பழைய வெடிகாயத்துக்குப் பொருந்துகிறதா என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்க. எந்த வருஷம் பட்டது என்று டாக்டர் சொல்ல முடியாது, அதை வற்புறுத்தாதீங்க. வருஷத்தைச் சாட்சிகள் சொல்லட்டும்.

காதுக்கும் டெஸ்ட் எடுங்க. வயசானால் வருகிற செவிட்டுத்தனம் பெரும்பாலும் ரெண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இடது காது மட்டும் ரொம்ப மோசமாக இருந்தால் அந்த கிராஃபே பேசும். சவ்வில் பழைய தழும்பு இருக்கான்னு இ.என்.டி. டாக்டர் பார்த்து எழுதட்டும்.

இன்னொன்று முக்கியம். அப்பாவுக்கு எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் இரும்புச் சில்லு இருக்கு என்று முதலிலேயே சொல்லிடுங்க. அந்தக் காந்தத்தில் இரும்பு நகரலாம். அப்பா கையாலே எழுதி அவர் பர்ஸில் வைங்க.

---

கமுனிங் மகள்:

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போட்டோ சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் எண் இருக்கிறது, கடைசி இரண்டு இலக்கம் மங்கல். அப்பாவிடம் காட்டினேன். படிக்காமலே முழு எண்ணையும் மலாயில் ஒப்பித்தார், விறைப்பாக உட்கார்ந்துகொண்டு. இத்தனை வருஷம் நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

இறந்தவர் பெயரும் சொன்னார். அவர் ஈபான் என்ற பழங்குடியைச் சேர்ந்த பையன், சரவாக்கிலிருந்து வந்தவர். தீபாவளி முடிந்து சில நாளில் நடந்ததாம், அப்பாவுக்கு வீட்டிலிருந்து வந்த முறுக்கைப் பங்கு போட்டுத் தின்றார்களாம். பி கம்பெனி. செக்ஷன் கார்ப்பரல் ஒரு தமிழர், கோப்பேங் பக்கம் ஊர் என்று மட்டும் ஞாபகம்.

எக்ஸ்ரேவுக்கு வரும் வாரம் போகிறோம். எல்டிஏடிக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

---

பழைய ரெஞ்சர்:

கோப்பேங் கார்ப்பரலா? எங்க முன்னாள் வீரர் சங்கத்துல அந்தப் பக்கத்து ஆளுங்க ரெண்டு மூணு பேரு இருக்காங்க, இன்னைக்கே விசாரிக்கிறேன். ஆள் இருந்தா அப்பாவோட போன்ல பேச வைக்கிறேன். முதல்ல அவங்க ரெண்டு பேரும் பேசட்டும், சாட்சி அப்புறம். ஆனா வாக்குமூலத்துல என்ன எழுதணும்னு அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேணாம், அவருக்கு ஞாபகம் இருக்கறதை அவரே சொல்லட்டும்.

---

கிராணி மகன்:

ஐயா சொன்னது ரொம்பச் சரி. இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாட்சி கிடைத்தால் 1960-ம் வருஷச் சட்டப்படி சூராட் அக்குவான் பெர்கானுன், அதாவது சட்டப்படியான உறுதிமொழி வாக்குமூலம், செய்யச் சொல்லுங்கள். தன் ராணுவ எண், பதவி, அன்று தான் நின்ற இடம், கண்ணால் பார்த்தது, இவ்வளவு மட்டும். கேள்விப்பட்டதைச் சேர்த்தால் முழு வாக்குமூலமும் பலவீனமாகிவிடும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகக் கூடாது, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால்தான் போட வேண்டும். ஐசியை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.