மரபணு வாசிக்கும் எந்திரம் மலையக ஆஸ்பத்திரிக்குத் தேவையா?

கொழுந்துக்கூடை:
1977இல் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாங்கர் முறை வந்த காலத்தில் ஒரு தடவைக்குச் சில நூறு எழுத்துகள்தான் படிக்க முடிந்தது. மனித மரபணுத் தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது. செலவு சுமார் 300 கோடி டொலர். இன்று ஒருவருடைய முழுத் தொகுதியையும் ஆயிரம் டொலருக்குள் படித்துவிடுகிறார்கள். வரிசை படிக்கும் நானோபோர் கருவி கைக்குள் அடங்கும். 2015இல் கினியாவில் எபோலா வைரஸை அங்கேயே வைத்துப் படித்தார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் மட்டும் ஏன் கூடாது?

டிக்கோயாக்காரன்:
கருவி கைக்குள் அடங்கும், சரி. அதற்குரிய ரசாயனம் குளிரிலேயே இருக்கணும் தங்கச்சி. காற்றடித்தால் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் கடத்தியை, அதாவது நோயில்லாமல் மரபணுப் பழுதை மட்டும் சுமப்பவரை, கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வரிசை படிக்கத் தேவையே இல்லை. சாதாரண இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு சிறுத்திருந்தால் சந்தேகம் வரும். அப்புறம் ஹீமோகுளோபின் வகை பார்த்தால் தெரிந்துவிடும். காசநோய்க்கு ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சளிப் பரிசோதனைக் கருவி இருக்கிறது, இரண்டு மணி நேர வேலை.

கொழுந்துக்கூடை:
ஜீன்எக்ஸ்பர்ட்டில் போடும் சாதாரண கார்ட்ரிட்ஜ், ரிபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா கேட்காதா என்று மட்டுந்தான் சொல்லும். மற்ற மருந்துகளுக்குச் சளியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். அதுவரை நோயாளி கேட்காத மருந்தை விழுங்கிக்கொண்டு லயத்து வரிசை வீட்டில் எல்லோரோடும் இருப்பார். கிருமியின் வரிசையைப் படித்தால் பல மருந்துகளுக்கும் சேர்த்தே பதில் சில நாட்களில் வரும்.

பேராதனைப் பழையவன்:
கிருமிக்கு அது சரி, மனிதருக்கு வேறு கதை. மாமன் மகளைக் கட்டுவது நம்மிடையே வழக்கம். இருவரும் ஒரே பழுதைக் கடத்தினால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் போக வாய்ப்பு கூடும். அப்படியொரு சொந்தக்காரப் பிள்ளைக்கு வெளிநாட்டில் பரிசோதனை செய்தார்கள். வந்த பதில்: ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’. நோய் தருமா தராதா என்று தெரியாதாம், அவ்வளவுதான். தகப்பன் தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஒப்பிடுகிற தரவுத்தொகுதிகளில் ஐரோப்பிய வம்சத்தவர்தான் அதிகம். நம்மிடம் சாதாரணமாகக் காண்கிற மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரியும். எந்திரத்துக்கு முன்னால் நம் ஆட்களின் தரவு சேரணும், விளக்கிச் சொல்ல ஆலோசகர் வேணும்.

கொழுந்துக்கூடை:
எந்திரமே இல்லாமல் தரவு எப்படி ஐயா சேரும்?

டிக்கோயாக்காரன்:
சளியையும் இரத்தத்தையும் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பலாமே. படிக்கிற இடம் ஒன்றாக இருக்கட்டும், முடிவு இங்கே வரட்டும்.

கொழுந்துக்கூடை:
மண் சரிந்து வழி மூடினால்?

டிக்கோயாக்காரன்:
உங்கள் ரசாயனமும் அதே வழியில்தான் வரணும், தங்கச்சி.