அப்பாவை இனே மீனவக் கிராமத்தில் ஓர் இரவு தங்க வைக்கலாமா?

திராய்மடு மகன்

தம்பி ஜப்பானில், ஒசாக்காவில் வேலை செய்கிறான். வரும் தை மாதம் அப்பாவையும் என்னையும் அங்கே வரச்சொல்லி அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம் எல்லாம் அனுப்பிவிட்டான். விசா விடயத்தில் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் அப்பாவைப் பற்றியதுதான்.

அப்பா மட்டக்களப்பு நாவலடியில் கரைவலை இழுத்தே எங்களை வளர்த்தவர். கட்டடங்களைப் பார்த்தால் அவருக்குக் கொட்டாவி வரும். கொழும்பில் பெரிய கடைத்தொகுதி ஒன்றைக் காட்டினோம். பேலியகொடை மீன் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பியோ கோபுரம், கோட்டை, பூங்கா என்று பெரிய பட்டியல் போட்டு வைத்திருக்கிறான்.

அதனால் நான் இனே என்ற ஊரைத் தேடிப் பிடித்தேன். கியோட்டோ மாகாணத்தின் வடகோடியில், தங்கோ தீபகற்பத்தில் இருக்கிறது. விரிகுடாவைச் சுற்றி 230 அளவில் ஃபுனாயா என்னும் படகு வீடுகள். கீழ்த்தளத்துக்குள்ளேயே கடல் வந்து நிற்கிறது, படகை நேரே உள்ளே விடலாம். மேல்தளங்கள் சிலவற்றை இப்போது விடுதியாக்கியிருக்கிறார்கள். படத்தை அப்பாவிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "மேலே படுத்திருப்பவன் அலை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவான்?" என்று கேட்டார்.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் திராய்மடுவில் குடியேறியவர்கள். அப்பா இன்றும் தொழிலுக்கு நாவலடிக்குத்தான் போகிறார். ஆனால் கடலோரத்தில் படுப்பதில்லை. மத்தியானத்தில் வாடிக்குள், அதாவது வலையும் சாமானும் வைக்கும் கரைக் குடிலுக்குள், சற்றுச் சாய்வதுகூடக் கிடையாது. அவரை அங்கே கூட்டிப்போவது சரியா? எப்படிப் போவது, தொழிலைக் கிட்ட நின்று பார்க்க விடுவார்களா? முழங்கால் வலியும் உண்டு.

அக்கரைப்பற்று – கியோட்டோ

கட்டாயம் கூட்டி வாருங்கள் அண்ணா. நான் இங்கே படிக்க வந்து, பிறகு வேலையில் சேர்ந்தவன். வாப்பா வந்திருந்தபோது இனேக்குத்தான் கூட்டிப்போனேன்.

கியோட்டோவிலிருந்து அமானோஹஷிதாதே வரை நேரடி விரைவு ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதற்குமான ஜேஆர் ரயில் பாஸ் எடுத்தாலும் ஃபுகுச்சியாமாவுக்கு அப்பால் அது செல்லாது. அந்தப் பாதை வேறு நிறுவனத்துக்கு உரியது, மிச்சத் தூரத்துக்குத் தனியாகக் கட்டவேண்டும். இறங்கிய இடத்திலிருந்து பஸ், கரையோரமாக ஒரு மணி நேரம். பஸ்கள் குறைவு, மாலைக்குப் பிறகு அறவே குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமானோஹஷிதாதேயில் அவசரப்படாதீர்கள். 3.6 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு, மேலே பைன் மரங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி போன்ற உள்நீர். நாவலடியில் வாழ்ந்த மனிதர், கண்டவுடனே கணக்குப் போட்டுவிடுவார். மலைமேல் காட்சி மேடையில் எல்லோரும் குனிந்து தங்கள் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்ப்பார்கள். முழங்கால் வலிக்காரரை அதற்குத் தூண்டிவிட வேண்டாம்.

இனேயில் மாரி காலம் என்றால் புரி மீன்தான். நம் பாரையின் குடும்பம், கொழுப்பு ஏறிய பெரிய மீன். கடலில் நிலையாகக் கட்டிவைத்த பெருவலைக்குள் மீன் தானாக வந்து சேரும். விடிய முன்னரே படகில் போய் அள்ளிவந்து காலையில் துறையில் இறக்குவார்கள். தங்குமிடத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், எங்கே நின்று பார்க்கலாம் என்று காட்டுவார். சில வீடுகளின் முன்னால் கயிறு கட்டி மீன் கூடு இறக்கியிருக்கும். மீன் வெட்டிய கழிவை இரையாக உள்ளே போட்டுவிடுவார்கள், வீட்டுக் கறிக்கு மீன் அகப்படும். வாப்பா அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த இடத்துக்குப் போவோம் என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை.

ஃபுனாயா விடுதிகளில் அறைகள் மிகக் குறைவு, மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். இரவுச் சாப்பாடு சேர்த்தா இல்லையா என்பதையும் கேளுங்கள். இருட்டிய பிறகு கடை தேடி அலைகிற ஊர் அல்ல அது. தை மாதம் பனி கொட்டும். சாரத்தோடு வெளியே நிற்க முடியாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

ஓய்வாசிரியர், களுவாஞ்சிகுடி

புவியியல் படிப்பித்தவன் என்ற உரிமையில், உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது மிகச் சரியான கேள்வி.

இனே விரிகுடாவின் வாய் தெற்கு நோக்கியது. மாரியில் அங்கே காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும். அதை மலை முதுகில் வாங்கிக்கொள்கிறது. வாயில் அஓஷிமா என்ற சிறு தீவு கிடக்கிறது, வெளி அலையை அது உடைக்கிறது. ஜப்பான் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசமும் மிகச் சிறிது. ஆகவே வீட்டுக்குள் தண்ணீரை விடலாம். நம் பக்கமும் வற்றுப்பெருக்கு பெரிதல்ல. ஆனால் நம் கரை நேராகத் திறந்து கிடக்கிறது. வாடைக் காலத்தில் வங்கக் கடல் முழுவதும் வந்து மோதும். இங்கே ஃபுனாயா கட்டினால் கார்த்திகைக்குள் கதவு போய்விடும்.

இது காற்றலைக்கு மட்டும். சுனாமிக்குத் தீவு உத்தரவாதம் தராது. அந்தக் கடலில் 1983இலும் 1993இலும் சுனாமி வந்தது. 2024 ஜனவரி 1ஆம் திகதி நோட்டோ நிலநடுக்கத்தின்போதும் வந்தது. தங்கோ தீபகற்பமே 1927இல் பெரும் நிலநடுக்கத்தைக் கண்ட மண். இதை மறைத்து அவரைக் கூட்டிப்போகாதீர்கள், அவருக்குப் பொய் பிடிபட்டுவிடும்.

எந்தப் பக்கம் ஓடுவது? அதற்கு அங்கே பதில் இருக்கிறது. ஃபுனாயாவுக்குப் பின்னால் ஒரு தெரு, தெருவுக்கு அப்பால் குடும்பத்தின் தாய் வீடு, அதன் முதுகிலேயே மலை. நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஓட மேடு இருக்கவில்லை. சுமாத்திராவிலிருந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேர அளவு எடுத்தது. சொல்ல ஆள் இருக்கவில்லை. அங்கே நிலம் ஆடி மூன்று நிமிட அளவிலேயே அறிவிப்பு வரும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த மீனவர்களும் ஆதியில் கடலின்மேல் படுக்கவில்லை. கீழே படகு, மேலே வலையும் சாமானும், குடும்பம் படுப்பது தாய் வீட்டில். ஃபுனாயா என்பது அவர்களுடைய வாடிதான். மேலே மெத்தை போட்டு வாடகைக்கு விடுவது பிற்காலத்து வேலை.

காத்தான்குடி வாசகி

நாங்களும் போக நினைத்திருக்கிறோம். மீன் ஊர்தானே, சாப்பாட்டுக்குப் பிரச்சினை இராது அல்லவா?

அக்கரைப்பற்று – கியோட்டோ

மீனில் பிரச்சினை இல்லை தங்கச்சி, அதில் ஊற்றுவதில்தான். மிரின் என்ற அரிசி மது பல கறிகளில் சேரும்; சோயா சாறு சிலவற்றிலும் மதுசாரம் உண்டு. பதியும்போதே எழுதிக் கேளுங்கள். உப்பு மட்டும் தடவிச் சுட்டுத் தரச்சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

வாழைச்சேனைக்காரன்

ஒரு சொல் நானும். அது கண்காட்சி அல்ல, ஆட்கள் குடியிருக்கும் ஊர். 2005இல் அரசு பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடத் தொகுதியாக அறிவித்ததிலிருந்து படம் எடுப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைகிறார்கள் என்று அங்கே முறைப்பாடு. பாசிக்குடாவில் வெளிநாட்டவர் வந்து நம் வலைமேல் ஏறி நின்று படம் எடுத்தால் எங்களுக்கு என்ன வரும்? உங்கள் அப்பாவுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. தம்பிக்குச் சொல்லுங்கள்.

திராய்மடு மகன்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாடி என்ற இடம் வந்ததும், "அப்படிச் சொல்லு" என்றார். மலைப்பக்கத்து வீடொன்றில் அறை கேட்டுத் தம்பி எழுதியிருக்கிறான். ஃபுனாயாவைப் பகலில் பார்த்துக்கொள்வோம்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு அப்பாவிடமிருந்து ஒரு கேள்வி: அந்த நிலைவலையின் அடிப்பையில் கண் எத்தனை அங்குலம், சிறு குஞ்சு தப்பிப் போகுமா? தெரியாவிட்டால் துறையில் கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை என்னை விடமாட்டார்.