மேற்குப் பார்த்த படுக்கையறை: பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட்ஸுக்கு எந்த அளவைக் கொடுப்பது?

மேடவாக்கம்_நைட்ஷிஃப்ட்

வணக்கம். நான்காவது மாடி ஃபிளாட், படுக்கையறை ஜன்னல் மேற்குப் பக்கம். எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். மதியத்துக்கு மேல் வெயில் நேராகக் கட்டிலில் விழுகிறது. இப்போதிருக்கும் கர்ட்டன் எதற்கும் ஆகவில்லை. அதனால் பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட்ஸ் (உருளையில் சுற்றி ஏற்றி இறக்கும், வெளிச்சம் புகாத துணித்திரை) போடலாம் என்றிருக்கிறேன்.

யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல், கொசுவலையோடு. கிரில் வெளிப்பக்கம். டேப் வைத்து அளந்ததில் அகலம் மேலே 1527 மிமீ, நடுவில் 1519, கீழே 1524. உயரம் 1215. ஜன்னல் பிரேம் சுவரிலிருந்து 45 மிமீதான் உள்வாங்கியிருக்கிறது. இடது பக்கம் 90 மிமீ தள்ளி பீரோ. மேலே ஏசி, அதற்கும் ஜன்னலின் மேல்விளிம்புக்கும் நடுவே 260 மிமீ இடம் இருக்கிறது.

ஒரு கடைக்காரர் ஜன்னலுக்குள்ளேயே மாட்டலாம், பார்க்க அழகாக இருக்கும் என்கிறார். இன்னொருவர் சுவரில் மாட்டச் சொல்கிறார். எது சரி? அளவைத் தவறாகக் கொடுத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம், அதுதான் பயம்.

திரைவேலை_தாம்பரம்

சகோதரி, உங்கள் தேவை இருட்டு. அப்படியானால் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

ரோலர் பிளைண்ட்ஸில் துணி ஒருபோதும் முழு அகலத்துக்கு வராது. இரண்டு ஓரத்திலும் பிராக்கெட்டுக்கும் செயின் சக்கரத்துக்கும் இடம் விட வேண்டியிருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 மிமீ துணி குறையும். ஜன்னலுக்குள் மாட்டினால் அந்த இடைவெளி வழியாக மேலிருந்து கீழ்வரை இரண்டு வெள்ளைக் கோடு விழும். மேற்கு வெயிலில் அது டியூப்லைட் மாதிரி எரியும். துணி எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் அந்தக் கோடு போகாது. அதோடு உங்களுக்கு 45 மிமீ ஆழம்தான். துணி சுற்றிய உருளையும் பிராக்கெட்டும் சேர்ந்து 70 மிமீ அளவுக்கு வரும். உள்ளே வைத்தாலும் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

சுவரில் மாட்ட, அகல அளவுகளில் பெரியதான 1527-ஐ எடுங்கள். (உள்ளே மாட்டுபவர்கள் சிறியதை எடுக்க வேண்டும், நிறையப் பேர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.) இடது பக்கம் பீரோ இருப்பதால் 80 மிமீ மட்டும், வலது பக்கம் 100. மொத்தம் 1707. இரு பக்கமும் துணிக் குறைவைக் கழித்தாலும் இடதில் 60 மிமீக்குக் குறையாமல் சுவரை மூடும். மேலே 100 மிமீ ஏற்றி மாட்டுங்கள், ஏசிக்கு இடைஞ்சல் வராது.

இப்போது முக்கியமான விஷயம். ஆர்டர் கொடுக்கும்போது "1707" என்று எண்ணை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அது ஜன்னல் திறப்பின் அளவா, பிளைண்ட்ஸின் அளவா என்று கேட்காமலே, திறப்பளவு என்று எடுத்துக்கொண்டு பத்து மிமீ கழித்துவிடுகிற இடங்கள் உண்டு. "பிராக்கெட் உட்பட முழு அகலம் 1707, எதையும் கழிக்கக் கூடாது, சுவரில் மாட்டுவது" என்று எழுத்தில் கொடுங்கள். ஆர்டர் பார்மிலும் அதே வாசகம் இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

இன்னொன்று, அளவை மிமீயிலேயே கொடுங்கள். அங்குலத்தில் சொன்னால் அரை, கால் என்று ஆளுக்கொரு பக்கம் உருட்டிவிடுவார்கள். ஒரு அங்குலம் 25.4 மிமீ, கால் அங்குலம் தவறினாலே 6 மிமீ போய்விடும்.

வெயிலும்_நிழலும்

தாம்பரம் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். துணி பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பிளாக்அவுட் என்று காட்டும் எல்லாத் துணியும் ஒன்றல்ல. சாம்பிளை வாங்கி, இருட்டறையில் மொபைல் டார்ச்சை அதன் முதுகில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரிந்தால் பூச்சு மெல்லியது. அப்புறம் துணியை ஒருமுறை இறுக்கமாக மடித்து விரித்து, மடிப்பில் திரும்பவும் டார்ச் அடியுங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வேண்டாம், பூச்சு விரிசல் விடுகிறது என்று அர்த்தம்.

கண்ணாடிப் பக்கம் வெள்ளைப் பூச்சு இருக்கட்டும், வெயிலில் ஒரு பங்கையாவது திருப்பி அனுப்பும். ஆனால் வெப்பம் முழுக்க நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் இந்தத் துணி அதைத் தடுக்கிறது. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சூடேறும் காற்று அறைக்குள்தான் வரும். கத்திரி வெயிலில் அறை குளிர வேண்டுமென்றால் நிழல் வெளியே விழ வேண்டும். கிரிலில் மூங்கில் தட்டி கட்ட உங்கள் அசோசியேஷன் அனுமதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

மேடவாக்கம்_நைட்ஷிஃப்ட்

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். தட்டிக்கு அனுமதி கிடையாது, வெளித்தோற்றம் மாறக்கூடாதாம். ஒன்று சொல்ல விட்டுப்போனது: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான், கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது.

கோவை_அம்மா

தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கத் தொங்கும் மணிச்செயின் வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். சத்தமே வராமல் நிமிடங்களில் உயிர் போய்விடும். வெளிநாடுகளில் குழந்தைகள் இப்படி இறந்ததால்தான் அங்கே இதற்கென்று விதியே இருக்கிறது. ஐரோப்பாவில் இஎன் 13120 என்ற தரவிதி. பிரிட்டனில் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் செயினின் அடிநுனி தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்று சொல்கிறார்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் அவன் கட்டிலில் ஏறி நின்றால் அந்த 1.5 மீட்டர் எட்டிவிடும். கட்டிலை நகர்த்துங்கள். செயினைப் பிடித்துவைக்கும் கிளிப்பைச் செயின் விறைப்பாக நிற்கும்படி சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அந்தக் கிளிப்பைப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், நின்று போட வையுங்கள். பட்ஜெட் இருந்தால் செயினே இல்லாத ஸ்பிரிங் ரகமோ பேட்டரி மோட்டாரோ வாங்குங்கள். நான் என்றால் மற்ற எதிலாவது மிச்சம் பிடித்து இதை வாங்குவேன்.

திரைவேலை_தாம்பரம்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பேட்டரி மோட்டாரே போடுங்கள். 1.7 மீட்டர் அகலத்துக்கு உருளை 38 மிமீயாவது இருக்கட்டும். மெல்லியதைப் போட்டால் நடுவில் தொய்ந்து துணியில் சுருக்கம் விழும். துணி உருளையின் பின்பக்கமாக, சுவரை ஒட்டி இறங்கும்படி கேளுங்கள். முன்பக்கமாக இறங்கினால் ஓரத்தில் வெளிச்சம் கூடுதலாக வரும்.

மேடவாக்கம்_நைட்ஷிஃப்ட்

மோட்டாரே போட்டுவிடுகிறேன். கட்டிலை இன்றைக்கே நகர்த்திவிட்டோம். கடைசியாக உயரம்: ஜன்னலுக்குக் கீழே கிரானைட் பலகை சுவரிலிருந்து 20 மிமீ நீட்டிக்கொண்டிருக்கிறது. துணி அதில் இடிக்குமா?

திரைவேலை_தாம்பரம்

பிராக்கெட்டைப் பொறுத்தது. துணி பலகையைத் தாண்டி விழுந்தால் கீழே 50 மிமீ தொங்கவிடலாம். தாண்டாவிட்டால் அடிப்பட்டை பலகை மேலேயே உட்காரட்டும், அதுவும் வெளிச்சத்தை நன்றாக அடைக்கும். எப்படியானாலும் உயரத்தை 1415 என்று கொடுங்கள் (ஜன்னல் 1215, மேலே 100, கீழே 50, கையிருப்பு 50). மிச்சத் துணி உருளையிலேயே சுற்றிக் கிடக்கும், தொந்தரவு இல்லை. மாட்ட வருபவர் கீழே எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாரில் எல்லை வைத்துக் கொடுப்பார்.