2^61 − 1 முதன்மை எண்தானே? நிரல் 2-ஆல் வகுபடும் என்கிறது. உதவி தேவை

ஹட்டன், உயர்தர மாணவி:
வணக்கம். 2^61 − 1, அதாவது 2305843009213693951, ஒரு முதன்மை எண் என்று படித்தேன். சோதிக்கப் பைத்தனில் சிறு நிரல் எழுதினேன். 2-இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணாலும் வகுக்கும். ஈவு முழு எண்ணாக வந்தால் காரணி என்று காட்டும். 2^31 − 1-க்குச் சரியான விடை வருகிறது. பெரிய எண்ணைக் கொடுத்தால் 2 காரணி என்கிறது. 2-ஐ விட்டால் 3, பிறகு 4, 5! ஒற்றை எண்ணை 2 எப்படி வகுக்கும்? பாடசாலைக் கணினியிலும் இதே விடைதான்.

பண்டாரவளை, கணித ஆசிரியர்:
கணினியில் கோளாறு இல்லை, மகள். வகுக்க / குறியைப் போட்டிருப்பீர்கள். அது ஈவைத் தசம எண்ணாகத் தரும். அதற்குரிய துல்லியம் 53 பிட் (சுமார் 16 இலக்கம்) மட்டுமே. உண்மையான ஈவு 1152921504606846975.5. இவ்வளவு பெரிய எண்ணில் அந்த அரைக்கு இடமில்லாததால் அது உதிர்ந்துவிடுகிறது. 3-ஆல் வகுத்தாலும் அதே கதி.

ஈவை விட்டு மீதியைக் கேளுங்கள். முழு எண்களுக்கிடையே மீதியைத் தரும் % குறி எத்தனை இலக்கமானாலும் பிழைக்காது. காரணி தேடும் எல்லைக்கு வர்க்கமூலம் எடுக்கும் இடத்திலும் தசமம் நுழையும், கவனம்.

ஹட்டன், உயர்தர மாணவி:
மிக்க நன்றி சேர். இப்போது பொய்க் காரணிகள் வரவில்லை. ஆனால் நிரல் முடிவதாகவும் இல்லை. வர்க்கமூலமே 151 கோடிக்கு மேல். இங்கே மழை பிடித்தால் மின்சாரமும் போய்விடும்.

நுவரெலியா, பொறியியல் மாணவன்:
தங்கச்சி, எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதே இல்லை. 61 முதன்மை எண் என்பதால், 2^61 − 1-க்குக் காரணி இருந்தால் அது 122-இன் மடங்கைவிட 1 கூடியதாகவே இருக்கும். 2^11 − 1 = 2047-ஐப் பாருங்கள்: 23 × 89. இரண்டுமே 22-இன் மடங்கைவிட 1 கூடியவை. அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 151 கோடி சுமார் 62 இலட்சமாகச் சுருங்கிவிடும்.

இதைவிட அழகான வழி லூக்காஸ்–லெமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2-ஐக் கழித்து, 2^61 − 1-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். இதை 59 (61 − 2) முறை செய்து கடைசியில் 0 வந்தால் முதன்மை எண். 2^5 − 1 = 31-க்குக் கையாலேயே செய்யலாம்: 4, 14, 8, 0. 2024-இல் கண்டறியப்பட்ட 2^136279841 − 1, 4 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அதையும் இந்தச் சோதனையால்தான் உறுதிசெய்தார்கள்.

ஹட்டன், உயர்தர மாணவி:
கண்ணிமைக்கும் முன் 0 வந்துவிட்டது! 2^67 − 1-க்கும் போட்டேன், 0 வரவில்லை. அப்படியானால் அதன் காரணி எது?

பண்டாரவளை, கணித ஆசிரியர்:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் தந்த இவ்வகை முதன்மை எண்களின் பட்டியலில் 2^67 − 1 இருந்தது, 2^61 − 1 இல்லை. 2^61 − 1 முதன்மை எண் என்று 1883-இல் ரஷ்யரான பெர்வுஷின் நிறுவினார். 2^67 − 1-இன் காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் கோல் முன்வைத்தார், கணினி இல்லாத காலத்தில். லூக்காஸ்–லெமர் காரணியைச் சொல்லாது; தம்பி சொன்ன வழியில் 134-இன் மடங்குகளோடு 1 கூட்டித் தேடுங்கள்.

ஹட்டன், உயர்தர மாணவி:
கிடைத்துவிட்டது: 134 × 1445580 + 1 = 193707721. மற்றது 761838257287. பெருக்கிப் பார்த்தேன், 147573952589676412927 சரியாக வருகிறது.