வீட்டிலேயே மெயில் சர்வர்: மலையகத்து அனுபவங்கள்

ஹட்டன்வாசி:
வீட்டில் மெயில் சர்வர் (மெயிலை வாங்கி அனுப்பும் கணினி) வைத்திருக்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் போனா என்ன செய்வீங்க?" லக்சபான நீர்மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் காற்றடித்தால் லைன் போகிற ஊர், கேள்வி நியாயம்தான். ஆனால் கரண்ட் போனதால் எனக்கு ஒரு மெயிலும் தவறியதில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடே இருண்ட அன்றும்கூடத் தவறவில்லை. நம் சர்வர் பதில் தராவிட்டால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாட்களாவது முயலச் சொல்கிறது மெயில் பரிமாற்றத்துக்கான தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5321.

தலைவலி அனுப்புவதில்தான். வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் கிடைப்பது மாறிக்கொண்டேயிருக்கும் ஐபி (இணைய முகவரி எண்). மேலதிகமாகக் காசு கட்டி நிலையான ஐபி எடுத்தேன். பார்த்தால், அது இருக்கும் தொகுதியே குப்பை மெயிலைத் தடுக்க மெயில் சர்வர்கள் பார்க்கும் ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில். யாரும் குப்பை அனுப்பியதற்காக அல்ல; வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்பது அந்தப் பட்டியலின் கொள்கை. அப்புறம் பிடிஆர் பதிவு. டொமைன் நம்முடையதாக இருந்தாலும், இந்த ஐபிக்கு இன்ன பெயர் என்று பதிவதற்கு இணைய நிறுவனம் மனம் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எல்லாவற்றிலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட தங்கச்சி, "ரவுட்டரை ஓப் பண்ணி ஒன் பண்ணிப் பாருங்க சேர்" என்றார்.

பண்டாரவளை_பையன்:
அதற்குப் பயந்துதான் அண்ணா நான் சிங்கப்பூரில் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்தேன். பிடிஆர் உடனே கிடைத்தது. மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் எல்லாம் பச்சை. 2024 பெப்ரவரியில் கூகுளும் யாகூவும் மெயில் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கியபோதும் எனக்குப் பிரச்சினை வரவில்லை. ஆனால் அதே ஐபி தொகுதியில் வேறு யாரோ குப்பை அனுப்பியிருக்கிறார்கள், அடி எனக்கும் விழுந்தது. திருப்பி அனுப்பினாலாவது தெரியும். "250 ஓகே" என்று, அதாவது ஏற்றுக்கொண்டோம் என்று, வாங்கிக்கொண்டு ஸ்பாமில் போட்டுவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல். கட்டாரில் இருக்கும் சித்தப்பா மகன், நான் மெயிலே போடுவதில்லை என்று கோபித்துக்கொண்டான்.

ஹட்டன்வாசி:
அதனால்தான் தம்பி நான் பாதி இறங்கி வந்துவிட்டேன். வாங்குவது வீட்டில், போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மென்பொருள்களில். அனுப்புவது 587ஆம் போர்ட் வழியாக நம் மெயிலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் ஒரு ரிலே சேவைக்கு. அவர்களின் ஐபிக்கு ஏற்கனவே நல்ல பெயர். "அப்ப அது சொந்த சர்வரா?" என்று ஒரு நண்பர் குத்திக்காட்டினார். என் பழைய மெயில் எல்லாம் என் அலுமாரிக்குள் இருக்கிற பெட்டியில்தான் கிடக்கின்றன, எனக்கு அது போதும்.

தலவாக்கலை_டீ:
ரிலே போட்டால் எஸ்பிஎஃப் பதிவில் ஏதும் மாற்ற வேண்டுமா?

ஹட்டன்வாசி:
பெரும்பாலும் ஆம். ரிலேக்காரரின் சர்வர்களுக்கும் அனுமதி கொடுக்க அவர் தரும் இன்க்ளூட் வரியை அதே பதிவுக்குள்ளேயே சேருங்கள், இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு போட்டால் இரண்டுமே செல்லாது. அவர்களின் டிகேஐஎம் சாவியையும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் போட்டுவிடுங்கள்.