கேதார்காந்தா ஜனவரி ட்ரெக்: 6,000 ரூபாய்க்குள் டவுன் ஜாக்கெட்டா, சிந்தெட்டிக்கா?

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் உத்தராகண்டின் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்காந்தா மலை ஏறுகிறோம்; உச்சி சுமார் 12,500 அடி. இரவில் மைனஸ் 10 என்று கணக்கு வைத்திருக்கிறோம். நடக்கும்போது தெர்மலும் ஃப்ளீஸும் போதும். ஜாக்கெட் வேண்டியது கேம்பில் உட்காரும்போதும், உச்சிக்கு இருட்டில் கிளம்பும்போதும்தான்.

டவுன் என்றால் பறவைத் தூவி அடைத்தது, சிந்தெட்டிக் என்றால் செயற்கை இழை அடைத்தது. டெகத்லானின் எம்டி100 டவுன் ஜாக்கெட் கண்ணில் பட்டது: 800 ஃபில் பவர், மைனஸ் 5 வரை என்கிறார்கள். ஆனால் ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ் தூவி எவ்வளவு உப்பும் என்கிற அளவு மட்டுமே. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 800-இல் 80 கிராமைவிட 650-இல் 140 கிராம் கூடுதல் கதகதப்புத் தரும், எடையும் கூடும். தூவியின் எடையைச் சொல்லாத ஜாக்கெட்டை வாங்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று தையல். இரு துணியையும் சேர்த்து அடித்த கோட்டை விரலால் அழுத்தினால் தூவியே தட்டுப்படாது; குளிர் அங்கேதான் நுழையும். மேலே காற்றுத் தடுப்பு ஷெல் (மெல்லிய வெளி ஜாக்கெட்) போடலாம், ஆனால் அது இறுக்கினால் தூவி நசுங்கிச் சூடு போய்விடும். அதனால் ஷெல் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறோம்.

பனியில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்:

டென்ட்டுக்குள் படியும் ஈரத்தில் மூன்று இரவுக்குப் பிறகு டவுன் கட்டி தட்டுகிறதா? அப்படியென்றால் கனமானாலும் சிந்தெட்டிக்கே எடுத்துவிடுகிறோம்.

தொப்பி இல்லாத மாடலோடு கம்பளிக் குல்லா போதுமா?

சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாக்கெட்டில் உப்பல் மிச்சம் இருக்கிறதா?